பூட்டியே கிடக்கும் வீட்டுக்கு எந்தத் தரை நல்லது?

வருஷத்தில் பத்து மாதம் பூட்டு, லீவுக்கு மட்டும் திறப்பு. தாம்பரம், முடிச்சூர் பக்கம் இப்படி ஒரு வீடு வைத்திருக்கிறீர்களா? தரை போடும்போது அழகைவிட ஈரத்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். அடைத்துக் கிடக்கும் வீட்டில் மழைக்கால ஈரம் வெளியேற வழியில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் வெள்ளமே புகுந்தது.

வேண்டாம்: லேமினேட் தரை. மரநாரை அழுத்திச் செய்த பலகை அது. ஈரம் குடித்து உப்பினால், காய்ந்த பிறகும் பழையபடி ஆகாது.

யோசியுங்கள்: ஆத்தங்குடி கல். கொள்ளை அழகுதான். ஆனால், சிமென்ட்டில் செய்தது. துடைத்துப் புழங்கப் புழங்கத்தான் பளபளக்கும்.

போடலாம்: விட்ரிஃபைடு டைல்ஸ். இது 0.5 சதவிகிதத்துக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது என்பது தர அளவு. சுவருக்கான செராமிக் டைல்ஸோ 10 சதவிகிதத்துக்கு மேல் உறிஞ்சும். அதைத் தரைக்கு வாங்காதீர்கள். சந்தேகமா? டைல்ஸின் பின்பக்கம் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று குடித்தால், தரைக்கு ஆகாது.

டைல்ஸ் மட்டும் போதாது. அஸ்திவாரத்திலிருந்து ஓதம் ஏறினால் அதை முதலில் சரிசெய்யுங்கள். இடுக்குகளுக்கு எபாக்ஸி பூச்சு நல்லது. ஒட்டி முடித்ததும் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றொலி வந்தால் உள்ளே கலவை நிரம்பவில்லை. மேஸ்திரி கணக்கை முடிக்கும் முன்பே மாற்றச் சொல்லிவிடுங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது கார்ப்பெட், மிதியடிகளைச் சுருட்டி மேலே வையுங்கள். சாவியை நம்பகமான உறவினரிடம் கொடுத்து, வெயில் நாளில் ஜன்னல்களைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். எந்தத் தரைக்கும் காற்றுதான் காவல்!