பழைய காணொலிகளைக் காப்போம்: வி.சி.டி., எஃப்.எல்.வி. கோப்புகளை எம்.பி.4 ஆக மாற்றும் வழி



நம்ம பள்ளி அலமாரிகளில் தூசி படிந்து கிடக்கும் வி.சி.டி. வட்டுகளைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. பரிசளிப்பு விழா, தோட்டத்துக் கோயில் திருவிழா, பொங்கல் கோலப்போட்டி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு நடத்திய பிரியாவிடை என்று ஏதாவது ஒன்று இருக்கும். பழைய கணினியில் 3ஜிபி, எஃப்.எல்.வி. கோப்புகளும் இருக்கலாம். இன்றைய திறன்பேசியிலோ உலாவியிலோ திறந்தால் அவற்றில் பல ஓடாது. "கோப்பு கெட்டுப்போச்சு" என்று நினைத்து அழித்துவிடாதீங்க. பெரும்பாலும் கோப்பு நன்றாகவே இருக்கும். அதைப் படிக்கும் மென்பொருள்தான் வழக்கொழிந்து போயிருக்கும்.

இதில் என்ன அவசரம்? நெகிரி செம்பிலானில் ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. சிரம்பான், நீலாய் சுற்றுவட்டாரத்தில் பல தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தில் ஒன்றாக வாழ்ந்த குடும்பங்கள் பட்டணத்துக்குப் பிரிந்து போயின. பால்வெட்டுக்குப் போன பாட்டி பாடிய தாலாட்டும், கோயில் திடலில் அடித்த கும்மியும், அன்று பேசிய தோட்டத்துத் தமிழும் பாடநூலில் கிடைக்காது. சில தோட்டங்களுக்கு அந்த ஒரு வட்டுதான் பதிவு. கடையில் எழுதிக் கொடுத்த வட்டில் தகவல் ஒரு சாயப் பூச்சில் பதிந்திருக்கிறது. வெயிலும் ஈரமும் அதைக் கெடுக்கும்; நம்ம ஊர்ப் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு செலுத்தும் இடமே இல்லை. அதனால் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

பெட்டி வேறு, உள்ளே இருப்பது வேறு

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வோம். காணொலிக் கோப்பு என்பது தூக்குச்சட்டி மாதிரி. வெளியே இருந்து பார்த்தால் உள்ளே சோறா, கஞ்சியா என்று தெரியாது. எம்.பி.4, எஃப்.எல்.வி., 3ஜிபி எல்லாம் சட்டியின் பெயர்கள். இதைக் 'கலன்' எனலாம். உள்ளே படமும் ஒலியும் எந்த முறையில் சுருக்கப்பட்டுள்ளன என்பதுதான் 'கோடெக்'. கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை எஃப்.எல்.வி.யிலிருந்து எம்.பி.4 என்று மாற்றி எழுதினால் சட்டியின் மேல் ஒட்டிய சீட்டுதான் மாறும். கோப்பு மாறாது.

நம்மிடம் வழக்கமாகக் கிடைப்பவை இவை:

• டி.ஏ.டி. – வி.சி.டி. வட்டில் 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறைக்குள் இருக்கும். உள்ளே எம்பெக்-1 காணொலி. பால் முறையில் படத்தின் அளவு 352×288. நொடிக்கு 25 படங்கள்.
• எஃப்.எல்.வி. – ஃபிளாஷ் காணொலி. பழையவற்றில் சோரன்சன் அல்லது வி.பி.6 கோடெக் இருக்கும். பிந்தியவை சிலவற்றில் எச்.264 இருக்கும்.
• 3ஜிபி – பழைய கைப்பேசிகளில் எடுத்தது. படம் சிறியது, ஒலி பெரும்பாலும் பேச்சுக்காக மட்டும் சுருக்கப்பட்ட ஏ.எம்.ஆர்.
• எஸ்.டபிள்யூ.எஃப். – இது காணொலியே அல்ல. ஃபிளாஷில் செய்த ஊடாட்டப் பாடம். அடோபி நிறுவனம் 31.12.2020-இல் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்தியது, 12.1.2021 முதல் அதில் ஃபிளாஷ் உள்ளடக்கம் ஓடாதபடி தடுத்தது. இத்தகைய கோப்புகளை 'ரஃபிள்' என்ற இலவச மென்பொருளில் ஓட்டிப் பாருங்க. ஓடினால் 'ஓ.பி.எஸ்.' கொண்டு திரையைப் பதிவு செய்யலாம்.

இவற்றை எதற்கு மாற்றுவது? எம்.பி.4 கலனில் எச்.264 படம், ஏ.ஏ.சி. ஒலி. 'வெப்எம்' என்ற இணைய வடிவமும் உண்டு. ஆனால் திறன்பேசி, உலாவி, வகுப்பறைத் தொலைக்காட்சி எல்லாவற்றிலும் தொல்லையில்லாமல் ஓடுவது முன்னதுதான்.

செய்முறை

1. வட்டில் உள்ளதை முதலில் கணினிக்கு நகல் எடுங்க. மூலக் கோப்பை எக்காரணத்தைக் கொண்டும் அழிக்காதீங்க.
2. 'வி.எல்.சி.' மென்பொருளில் திறந்து பாருங்க. பழைய வடிவங்களில் பெரும்பாலானவற்றை அது ஓட்டும். 'டூல்ஸ்' பட்டியலில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' என்பதைத் தட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.
3. 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறங்க. 'ஃபார்மட்' என்பதில் எம்.பி.4 தேர்ந்தெடுத்து, 'வெப் ஆப்டிமைஸ்டு' என்பதில் குறியிடுங்க. இதனால் இணையத்தில் முழுக் கோப்பும் இறங்கும் முன்பே காணொலி ஓடத் தொடங்கும்.
4. 'வீடியோ' பகுதியில் எச்.264. தர எண் (ஆர்.எஃப்.) 20 வைத்தால் போதும். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். படவேகம் 'சேம் அஸ் சோர்ஸ்'.
5. 'ஆடியோ' பகுதியில் ஏ.ஏ.சி. பிறகு 'ஸ்டார்ட்'. அவ்ளோதான்.

டி.ஏ.டி. கோப்பை ஹேண்ட்பிரேக் ஏற்கவில்லை என்றால் வி.எல்.சி.யின் 'மீடியா' பட்டியலில் உள்ள 'கன்வர்ட் / சேவ்' வழியாக மாற்றலாம். எஃப்.எல்.வி.க்குள் ஏற்கெனவே எச்.264 இருந்தால், மீண்டும் சுருக்காமல் கலனை மட்டும் மாற்றுவது சிறந்தது. அதில் தரம் துளியும் குறையாது.

கவனிக்க வேண்டியவை

352×288 படத்தை 1080க்குப் பெரிதாக்காதீங்க. கோப்புதான் வீங்கும், முகம் தெளியாது. ஒருமுறை மாற்றியதை மறுபடி மறுபடி மாற்றுவதும் வேண்டாம். அது ஒளிநகலை மீண்டும் ஒளிநகல் எடுப்பது போல. ஒவ்வொரு முறையும் தேயும். புலனத்தில் அனுப்பும்போது காணொலியாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்க. மாற்றியபின் தொடக்கத்தை மட்டும் பார்த்து விட்டுவிடாமல், நடுவிலும் கடைசியிலும் ஓட்டி, வாயசைவும் ஒலியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்க.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு

ஒரு மணி நேர விழா எப்படி ஒரு சிறு வட்டில் அடங்கியது? 352×288 = 101,376 படப்புள்ளிகள். புள்ளிக்குச் சராசரி 12 பிட் என்றால் ஒரு படத்துக்கு 1,216,512 பிட். நொடிக்கு 25 படங்கள் என்பதால் ஏறக்குறைய 3 கோடி பிட். வி.சி.டி. படத்துக்குக் கொடுப்பதோ நொடிக்குச் சுமார் 11.5 லட்சம் பிட் மட்டுமே. அதாவது 26 மடங்கு சுருக்கம்! ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மாறிய பகுதியை மட்டும் பெரும்பாலும் பதிவதால் இது முடிகிறது. இழந்த நுணுக்கம் திரும்பி வராது. இதைத்தான் 'இழப்புள்ள சுருக்கம்' என்கிறோம்.

இன்னொன்று: இந்தக் காணொலிகள் உங்களுக்கு மொழிப்பாடமும்கூட. பெரியவர் பேசுவதை அப்படியே எழுதிப் பாருங்க. வட்டார வழக்கும் மரபுத்தொடரும் கிடைக்கும். தோட்ட வாழ்க்கை பற்றிக் கட்டுரை எழுதினாலும் பேசினாலும் உங்கள் சொந்த ஊர்ச் சான்று கையில் இருக்கும்.

பெயர் இல்லாத முகங்கள்

மாற்றி முடித்ததோடு வேலை முடியவில்லை. கோப்புக்கு ஆண்டு, தோட்டம், நிகழ்ச்சி என்ற வரிசையில் பெயர் வையுங்க. கூடவே ஒரு சிறு குறிப்புக் கோப்பு: யார் பாடுகிறார், யார் வரிசையில் நிற்கிறார், எந்த மண்டபம். அதை நாமாக எழுத முடியாது. மாணவர்களை அனுப்பித் தோட்டத்துப் பெரியவர்களிடம் திறன்பேசியில் காட்டிக் கேட்கச் சொல்லுங்க. அவர்களுக்கு நினைவு இருக்கும்போதே கேட்டாக வேண்டும். இரண்டு நகல் வையுங்க: ஒன்று பள்ளியின் வெளிவட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். காணொலியில் இருப்பவர்களின் அல்லது அவர்கள் குடும்பத்தாரின் சம்மதம் பெற்ற பிறகே பொதுவில் பகிருங்க. ஒப்பாரி, வீட்டுச் சடங்கு போன்றவற்றைப் பகிராமல் பாதுகாப்பது மட்டும் போதும்.

வரும் பள்ளி விடுமுறையில் ஒரே ஒரு வட்டை எடுத்துத் தொடங்குங்க. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்டால் வெளியே இணைக்கும் வட்டு செலுத்தி யாரிடமாவது கிடைக்கும். முதல் வட்டு பழகிவிட்டால் மற்றவை எளிது.