ஒரு பதினாறா, இரண்டு எட்டா?

2017இல் என்விடியா நிறுவனம் ஜிடி 1030 என்ற மலிவு விலை கிராபிக்ஸ் கார்டைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அதே பெயரில் இன்னொரு கார்டும் கடைகளுக்கு வந்தது. உள்ளே இருந்த சிப் பழையதுதான். கணக்குப் போடும் கோர்களும் அதே 384. கடிகார வேகத்தைச் சற்றே குறைத்திருந்தார்கள். பெரிய மாற்றம் நினைவகத்தில்: ஜிடிடிஆர்5 இருந்த இடத்தில் சாதாரண டிடிஆர்4. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்த விமர்சகர்கள் கொதித்துப் போனார்கள். பல விளையாட்டுகளில் புதியது பழையதன் பாதி வேகத்தைத்தான் எட்டியது. பெட்டியின் மேல் பெயர் மட்டும் ஒன்றே.

பழைய கார்டில் சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையே நொடிக்கு 48 ஜிபி தரவு போய்வரலாம். புதியதில் 16.8 ஜிபி. மோட்டார் எத்தனை எச்.பி.யாக இருந்தால் என்ன, அரை அங்குலக் குழாயைப் போட்டால் தொட்டி நிரம்ப நேரமாகத்தான் செய்யும்.

கையில் கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு கணினி அசெம்பிள் செய்ய நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பொழுதுபோக்காகப் பைத்தான் எழுத வேண்டும், மாலையில் மைன்கிராஃப்டோ வாலரண்டோ ஆட வேண்டும், அவ்வளவுதான் தேவை. ஆனால் கடைக்குள் நுழைந்ததும் பேச்சு ஐ3யா ஐ5ஆ, எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்றுதான் ஓடும். இன்றைய மலிவு பிராசசர்கள்கூட இந்த வேலைகளுக்குத் தாராளம். தரவு வந்து சேரும்வரை அவை சும்மா காத்துக்கிடக்கும் நேரம்தான் நமக்கு ‘ஸ்லோ’ என்று தெரிகிறது.

ஃபுல் எச்டி திரையில் 1920க்கு 1080 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்துக்குச் சற்று மேல். நொடிக்கு 60 முறை படம் மாற வேண்டுமென்றால் 12 கோடிப் புள்ளிகளுக்கு நிறம் முடிவாக வேண்டும். புள்ளிக்கு 4 பைட் வீதம் எழுதினால் நொடிக்கு அரை ஜிபிதான் ஆகிறது. இது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அந்த நிறத்தை முடிவு செய்வதற்குள் சுவரின் மேல் ஒட்டிய படத்தைப் படிக்க வேண்டும். எந்தப் பொருள் முன்னால், எது பின்னால் என்று ஒப்பிட வேண்டும். நிழல், புகை, கண்ணாடி என்று ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்பத் தொட வேண்டும். அரை ஜிபி பல மடங்காகப் பெருகுவது இங்கேதான்.

தனி கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் இல்லாதவர்கள் கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கும் பிராசசரை வாங்குவார்கள். ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி இதற்குப் பெயர்போனது. 2021இல் வந்தது, ஆறு கோர், 65 வாட். அதன் கிராபிக்ஸ் பகுதிக்கென்று சொந்த நினைவகம் கிடையாது. மதர்போர்டில் உள்ள ரேமைத்தான் பிராசசரோடு பங்குபோட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-3200 ரேம் நொடிக்கு 320 கோடி முறை, முறைக்கு 8 பைட் வீதம் தருகிறது. அதாவது 25.6 ஜிபி. இரண்டு ஸ்டிக்குகளை இரண்டு சேனலில், அதாவது தனித்தனிப் பாதைகளில், போட்டால் 51.2. ஆக 16 ஜிபி ரேம் வேண்டும் என்றால், ஒரே 16 ஆக வாங்குவதும் இரண்டு எட்டாக வாங்குவதும் ஒன்றல்ல. கொள்ளளவு சமம், பாதையின் அகலம் பாதி. விளையாட்டில் இது கண்ணுக்கே தெரியும்.

“இப்போ ஒரு 16 போட்டுக்குங்க தம்பி, அப்புறமா இன்னொண்ணு சேர்த்துக்கலாம்” என்று கடைக்காரர் சொல்வார். தனி கார்டு போடுபவருக்கு அது நல்ல யோசனைதான். உள்ளேயிருக்கும் கிராபிக்ஸை நம்புபவருக்கு இல்லை.

வாங்கி வந்த பிறகும் இரண்டு வேலை பாக்கி. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். அடுத்தடுத்துச் செருகினால் பெரும்பாலான போர்டுகளில் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துகொள்ளும். 3200 என்று எழுதிய பல ரேம்கள் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டதும் 2133லோ 2400லோதான் ஓடும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை ஆன் செய்ய வேண்டும். செய்யாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

பெயர்களில் ஒளிந்திருக்கும் ஆபத்துகள் வேறு. ரைசன் 5 5600க்குப் பின்னால் ‘ஜி’ இல்லையென்றால் கிராபிக்ஸும் இல்லை. இன்டெல்லில் இதற்கு நேர்மாறு: ஐ3-12100இல் கிராபிக்ஸ் உண்டு, 12100எஃப் என்றால் கிடையாது. இன்னொன்று, “2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு சேர்த்துத் தருகிறோம்” என்ற தூண்டில். அந்தக் கார்டு பெரும்பாலும் ஜிடி 710 ஆக இருக்கும். அதன் டிடிஆர்3 பாதை வெறும் 14.4 ஜிபி. அதைப் போடாமல் இருப்பதே மேல்.

நிரல் எழுதும் வேலைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. கம்பைலர் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறந்து மூடும். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுக்கும். வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று. தலை அங்கே நகர்ந்து சேர அதைப் போல் இரு மடங்கு நேரம். நொடிக்கு நூறு இடங்களைத் தொடுவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. பத்தில் ஒரு மில்லி நொடிக்குள் வேலை முடிகிறது. அதற்குமேல் 550 எம்பியா 3500 எம்பியா என்ற பெட்டி விளம்பரப் போட்டியில் இறங்க வேண்டாம். சிறு கோப்புகளில் அந்த வித்தியாசம் அநேகமாகத் தெரியாது. விலை ஒன்றென்றால் வேகமான என்விஎம்இ, இல்லையேல் சாட்டா.

கோர்கள் ஆறு போதும் என்பேன். ஒரே ஒரு கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்யும்போது, அதுதான் நாள் முழுக்க நடப்பது, பெரும்பாலும் ஒரு கோர்தான் உழைக்கிறது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் எமுலேட்டரும் திறப்பவருக்கு 16 ஜிபி ரேம் கட்டாயம். பைத்தானும் சி-யும் மட்டும் என்றால் எட்டிலேயே சமாளிக்கலாம்.

மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. கேபினட்டோடு சும்மா வருவதைக் கழற்றி வைத்துவிடுங்கள். இப்படிப்பட்ட கணினி 150 வாட்டைத் தாண்டுவதே அரிது. நல்ல 450 வாட் போதும். 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை வீணாக்காத திறனை மட்டுமே சொல்கிறது. மின்னழுத்தம் எகிறினால் பாதுகாப்பு உண்டா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

2025 இறுதியில் இந்தக் கணக்கு முழுவதும் ஆட்டம் கண்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்களை அள்ளிக்கொள்ள, ரேம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்த க்ரூஷியல் பிரிவையே மூடுவதாக டிசம்பரில் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்திருந்ததால், அலுவலகங்கள் பழைய கணினிகளைக் கழிக்கத் தொடங்கியிருந்தன. ஆகவே இப்போது செகண்ட் ஹாண்டுதான் என் முதல் சிபாரிசு. எட்டாம் தலைமுறை ஐ5 என்றால் ஆறு கோர், விண்டோஸ் 11உம் ஏறும். அதற்கு முந்தையதென்றால் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். நிரல் பழகுபவருக்கு அது நஷ்டமே இல்லை.

இந்தப் பழைய அலுவலகக் கணினிகளில் எஸ்எம்பிஎஸ் அந்தந்தக் கம்பெனியின் தனி அளவில் இருக்கும், மாற்றுவது கடினம். விளையாட்டுக்குக் கார்டு சேர்ப்பதானால் ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடுவதாகப் பாருங்கள். ஒல்லியான கேபினட் என்றால் பாதி உயரக் கார்டு வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650இல் அந்த அளவும் உண்டு. அதன் பாதை 128 ஜிபிக்குக் குறையாது.