“வழுக்கி விழுந்துவிட்டேன்”

“குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன்.” எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நாள்தோறும் கேட்கும் சொற்கள் இவை. பெரும்பாலும் உண்மையான சொற்கள். ஆனால், காயம் ஒன்றைச் சொல்ல, வாய் வேறொன்றைச் சொல்லும் வேளைகளும் உண்டு. அத்தகைய ஒரு வேளையில் நாங்கள் தவறிய கதையிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். அடையாளங்களை மாற்றியே எழுதுகிறோம்.

முப்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி ஓராண்டுக்குள் மூன்று முறை எங்களிடம் வந்தார். முதல்முறை தீராத் தலைவலி, தூக்கமின்மை. மாத்திரை எழுதிக் கொடுத்தோம். இரண்டாம் முறை முன்கை எலும்பில் முறிவு. கீழே விழுபவர் பொதுவாகக் கையை ஊன்றுவார். அதனால் மணிக்கட்டருகே முறிவு ஏற்படும். இவருக்கோ முன்கையின் நடுப்பகுதியில், சுண்டுவிரல் பக்க எலும்பில் முறிவு. மேலே விழும் அடியைத் தடுக்கக் கையை உயர்த்துவோருக்கு நேரும் முறிவு அது. ஆயினும், கணவர் அருகில் நிற்க, “எப்படி விழுந்தீர்கள்?” என்றுதான் கேட்டோம். கேள்வியிலேயே விடையையும் கொடுத்துவிட்டோம். பதிவேட்டிலும் ‘தவறி விழுந்தார்’ என்றே எழுதினோம்.

மூன்றாம் முறை செவிப்பறை கிழிந்து வந்தார். செவித்திறன் பரிசோதனைக்கு அவரைத் தனியே அழைத்துச் சென்ற இளம் செவிலியர், “வீட்டில் யாராவது அடிக்கிறார்களா அக்கா?” என்று மெல்லக் கேட்டார். சிறிது நேரம் அமைதியாக இருந்துவிட்டு அப்பெண்மணி சொன்னார்: “மூணு தடவையும் யாராவது கேப்பீங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன், சிஸ்டர்.”

அந்த விடைக்குப் பிறகுதான் எங்கள் நடைமுறையை மாற்றினோம்.

எத்தனை பேர்?

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 18 முதல் 49 வயது வரையுள்ள, மணமான பெண்களுள் 29 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். தமிழ்நாட்டில் இது 38 விழுக்காடு. வன்முறைக்கு ஆளான பெண்களுள் உதவி நாடியோர் 14 விழுக்காட்டினர் மட்டுமே. 77 விழுக்காட்டினர் எவரிடமும் வாய் திறக்கவே இல்லை.

வாய் திறக்காதவர்களும் மருத்துவமனைக்கு வருகிறார்கள். நாள்பட்ட வலி, மனச்சோர்வு, கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம் ஆகியவற்றுக்குப் பின்னால் வீட்டு வன்முறை இருக்கக்கூடும். கழுத்தை நெரித்தல் மிகவும் ஆபத்தானது. வெளியில் தடம் ஏதும் தெரியாமலேயே உள்ளே இரத்தக் குழாய் சேதமடைந்திருக்கலாம். குரல் மாறுதல், விழுங்குவதில் சிரமம், மூச்சுத்திணறல், மயக்கம் இவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். ஒருமுறை கழுத்தை நெரித்தவர் பின்னர் உயிருக்கே உலை வைக்கும் வாய்ப்பு மிகுதி என்பதால், இதைச் சிறு சச்சரவு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

காயமும் சான்றும்

1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்திலேயே வன்கொடுமைக்கு ஆளானார். 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. சிறுமியின் உடலில் காயத் தடயம் இல்லாதது, அவர் எதிர்க்கவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. சட்டப் பேராசிரியர் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். பெண்கள் அமைப்புகள் நாடெங்கும் போராடின. அதன் விளைவாக 1983இல் வன்புணர்வுச் சட்டம் திருத்தப்பட்டது. மனைவியைக் கொடுமை செய்வதைக் குற்றமாக்கிய 498ஏ பிரிவும் அவ்வாண்டிலேயே வந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவில் அது இப்போது 85ஆம் பிரிவாக உள்ளது.

மருத்துவத் துறையும் தன் பங்குக்குத் தவறியிருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்களை மேலும் அவமதித்த ‘இரு விரல் சோதனை’ அவர்களின் கண்ணியத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2013இலும், பின்னர் 2022இல் மேலும் கடுமையாகவும் கூறிய பின்னரே எங்கள் துறை விழித்துக்கொண்டது.

உங்கள் உரிமைகள்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடிப்பது மட்டுமன்று, பாலியல் கொடுமை, இழிசொல், மிரட்டல், செலவுக்குப் பணம் தராமை, சம்பளத்தைப் பறித்தல் ஆகியவையும் இச்சட்டப்படி வன்முறையே. வீடு கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த அவ்வீட்டில் வசிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. பாதுகாப்பு, பணநிவாரணம், குழந்தைகளின் பொறுப்பு ஆகியவற்றுக்கு நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். விண்ணப்பத்தை எழுத, மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். வருமானம் எவ்வளவாயினும், பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம்.

மருத்துவமனையிலும் உங்களுக்கு உரிமைகள் உண்டு. புகார் அளிக்கவில்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. மருத்துவ அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறலாம். வன்புணர்வுக்கோ அமில வீச்சுக்கோ ஆளானவருக்கு அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனடியாக, கட்டணமின்றிச் சிகிச்சை அளித்தாக வேண்டும். மறுப்பது தண்டனைக்குரிய குற்றம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அடியால் ஏற்பட்ட காயம் என்று தெரிந்தால், விபத்துப் பதிவேட்டில் பதிந்து காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது மருத்துவமனைகளின் நடைமுறை. இதை எண்ணியே பலர் உண்மையை மறைக்கிறார்கள். ஆனால், இன்று ‘தவறி விழுந்தார்’ என்று பதியப்படும் காயத்தை நாளை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது கடினம். காயத்தின் இடம், அளவு, நிறம், அதை ஏற்படுத்தியவர் யார் என்று நீங்கள் கூறிய சொற்கள் ஆகிய அனைத்தும் பின்னர் உங்களுக்குச் சான்றாக நிற்கும்.

உடன் வருவோருக்கு

பெண் நோயாளர் ஒவ்வொருவரிடமும் சில நிமிடங்கள் தனியே பேசுவதை இப்போது வழக்கமாகக் கொண்டுள்ளோம். “சற்று வெளியே இருங்கள்” என்று நாங்கள் கூறினால், அது எவர் மீதும் கொண்ட ஐயத்தால் அன்று. எல்லோரிடமும் அவ்வாறே கூறுகிறோம். அன்புகூர்ந்து ஒத்துழையுங்கள்.

உங்கள் மகளோ, தங்கையோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால், முதலில் முழுவதும் கேளுங்கள். “நீ என்ன செய்தாய்?” என்று வினவாதீர்கள். “பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ” என்று அறிவுரை கூறாதீர்கள். அடியைப் பார்த்து வளரும் பிள்ளைகளும் பாதிக்கப்படுகிறார்கள். “உடனே கிளம்பி வா” என்று அவசரப்படுத்தவும் வேண்டா. பெண் பிரிந்து செல்லும் வேளையிலேயே வன்முறை பெரும்பாலும் முற்றுகிறது. எங்கே செல்வது, யார் உடன் வருவது என்று முன்கூட்டியே திட்டமிட உதவுங்கள். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களை உங்களிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் நண்பரோ உடன்பிறந்தவரோ மனைவியை அடிப்பவர் என்று தெரிந்தால், அது அவர்கள் வீட்டு விவகாரம் என்று விலகிவிடாதீர்கள்.

முன்னர்க் கூறிய பெண்மணி, பாதுகாப்பு அலுவலரின் துணையோடு நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு பெற்றார். அங்கே அவருக்குத் துணை நின்றது மூன்றாம் முறை எழுதிய பதிவு. இரண்டாம் முறை நாங்கள் எழுதிய ‘தவறி விழுந்தார்’ என்ற சொற்களைக் காட்டித்தான் எதிர்த்தரப்பு வாதாடியது. கேள்வியைச் சரியாகக் கேட்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை அவரிடமிருந்தே கற்றுக்கொண்டோம். நாங்கள் கேட்க மறந்தால், நீங்களே சொல்லுங்கள்.

உதவி எண்கள்

பெண்கள் உதவி மையம்: 181 (24 மணி நேரமும், மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைத்துவிடுவர்)
அவசர உதவி: 112
இலவசச் சட்ட உதவி: 15100
குழந்தைகள் உதவி மையம்: 1098