ஆறு ஏன் சிவக்கிறது?



"சிறு துளி பெரு வெள்ளம்" என்று பள்ளியில் சேமிப்பைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள். அதே சிறு துளி ஒரு மேட்டையே கரைத்து ஆற்றில் சேர்த்துவிடும் என்பது பாலிடெக்னிக் வந்து சர்வே படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

என் ஊர் திருக்கனூர். எங்கள் பக்கத்து ஆறு சங்கராபரணி. செஞ்சி மலைப்பக்கம் பிறந்து, வீடூர் அணையைத் தாண்டி, வில்லியனூர் வழியாகக் கடலுக்குப் போகிறது. ஊசுடு ஏரிக்கும் வாய்க்கால் வழியே தண்ணீர் தருவது இதுதான். ஐப்பசி மழையில் செம்மண் மேடுகளிலிருந்து வரும் தண்ணீர் செக்கச்செவேலென்று ஓடும்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா ஆடு மேய்ப்பவர். இரண்டு கிடாய்களை விற்றுத்தான் எனக்கு முதல் ஃபீஸ் கட்டினார். அதனால் "ஆடுதான் நிலத்தைக் கெடுக்குது" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் அதில் பாதி உண்மை உண்டு.

பள்ளம் பிறப்பது எப்படி?

புல் இருந்தால் மழைத்துளியின் அடியை அது வாங்கிக்கொள்ளும். ஒரே இடத்தில் ஓயாமல் மேய்த்தால் புல் போய்விடும். குளம்பு பட்டு மண் இறுகும். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடி, முதலில் மேல்மண்ணை வழிக்கும். பிறகு விரல் அகலக் கீறல். அப்புறம் ஆள் இறங்கும் பள்ளம்! பள்ளத்தின் தலைப்பகுதியில் தண்ணீர் அருவி மாதிரி விழுந்து அடியைக் குடைய, மேல்மண் சரியும். அதனால் பள்ளம் மேட்டை நோக்கியே வளரும். "நெலம் வாயைப் பொளந்துகிட்டே போவுதுடா" என்பார் அப்பா.

இந்த மண் ஆற்றைக் கலக்குகிறது. வெயில் உள்ளே இறங்காததால் நீர்ச்செடி வளராது; மீனின் செவுள் அடைபடும். மண்ணோடு சாணமும் கிருமியும் சேர்ந்து வரும். ஏரி தூர்ந்துபோகும்.

அடைப்பது எப்படி?

முதலில், பள்ளத்தின் தலைக்கு மேலே வரப்பு போட்டு, தண்ணீரைப் புல் உள்ள பக்கம் திருப்ப வேண்டும். அடுத்து, பள்ளத்தின் குறுக்கே கல் தடுப்பு. உயரம் 1 மீட்டருக்கு மேல் வேண்டாம். உயரத்தைச் சரிவால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். 100 மீட்டருக்கு 4 மீட்டர் இறங்கும் பள்ளம் என்றால், 1 மீட்டர் தடுப்பை 25 மீட்டருக்கு ஒன்றாக வைக்கலாம். கடைசியாக வெட்டிவேர், கொழுக்கட்டைப் புல், ஓரத்தில் ஆடாதோடை. ஆடு தொடாது என்பதைப் பெயரே சொல்கிறது!

நானும் அப்பாவும் ஒரு சிறு பள்ளத்தில் கல் அடுக்கினோம். நான் நடுவை உயர்த்திவிட்டேன். முதல் மழையிலேயே தண்ணீர் ஓரத்தை அறுத்துக்கொண்டு போய்விட்டது. "நடுவுல வழி விடுடா" என்றார் அப்பா. நடுவைத் தாழ்த்தி, இரு முனையையும் கரைக்குள் புதைத்தோம். மழை ஓய்ந்தபோது கல்லுக்கு மேற்புறம் ஒரு சாண் மண் தங்கியிருந்தது.

ஆடுகள் எங்கே போகும்?

1968-ல் தொடங்கிய ஆரோவில்லில், அரித்துப்போன செம்மண் மேட்டை வரப்பும் தடுப்பும் மரமும் வைத்துக் காடாக்கினார்கள். ஆனால் இளஞ்செடி பிழைக்க ஆடு மாடு உள்ளே வரக்கூடாது. அப்படியானால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?

அதற்குப் பதில் ஹரியானாவில் இருக்கிறது. 1958-ல் சண்டிகரில் அமைத்த சுக்னா ஏரி வேகமாகத் தூர்ந்தது. மேலேயுள்ள சுகோமாஜ்ரி கிராமத்து மேய்ச்சல் சரிவுகளிலிருந்தும் மண் வந்தது. 1970-களில் பி.ஆர். மிஸ்ரா என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் அங்கே சிறு மண் அணைகள் கட்டினார்கள். அந்தத் தண்ணீரில் நிலமில்லாதவருக்கும் பங்கு என்று ஆனதும், ஊரே மேய்ச்சலை நிறுத்திக்கொண்டது. புல்லை அறுத்து வந்து கொட்டிலில் போட்டார்கள். முள்வேலி இல்லை, ஊர்க் கட்டுப்பாடுதான் வேலி!

நாமும் மேய்ச்சல் நிலத்தைப் பங்கு பிரித்து, ஒரு பங்குக்கு மழைக்காலம் முழுக்க ஓய்வு தரலாம். அங்கே புல் அறுக்கும் உரிமை ஆடு வைத்திருப்பவர்களுக்கே இருக்க வேண்டும். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "எல்லாரும் ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கறேன்" என்றார்.

நண்பர்களே, லெவல் பார்க்க நமக்குத் தெரியும். கல் ஊரிலேயே கிடைக்கும். ஆடு மேய்ப்பவரை முதலில் உட்காரவைத்துப் பேசிவிட்டு, அப்புறம் கல்லைத் தூக்குவோம்!