வரைவதற்குக் கூலி

கோடை ஓவிய முகாம் நோட்டீஸில் ‘இலவசம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டும், வரவேண்டிய பிள்ளைகள் வருவதில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். “அவங்களுக்கு ஆர்வம் இல்லைங்க” என்று ஒரு தீர்ப்பும் கூடவே வரும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

கட்டணம் இல்லை, சரி. பஸ் காசு? மத்தியானச் சாப்பாடு? பள்ளிக்கூடம் நடந்தால் ஒரு வேளைப் பாடு அங்கேயே தீர்ந்துவிடும். அம்மா வேலைக்குப் போய்விட்டால் தம்பி தங்கையை யார் பார்த்துக்கொள்வது? பிள்ளைக்குப் பதினைந்து வயது என்றால் இன்னொன்றும் உண்டு. லீவில் ஏதாவது கடையில் நின்றால் வீட்டுக்கு நாலு காசு வரும். படம் வரையப் போனால் அது போச்சு. இலவச முகாமுக்கு அந்த வீடு கொடுக்கும் விலை இதுதான்.

இதைப் புரிந்துகொண்டு காரியம் செய்த ஊர் சிகாகோ. நகரின் நட்டநடுவே, பெரிய மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடைக்கு எதிரே, கிட்டத்தட்ட ஒரு முழு மனை காலியாகக் கிடந்தது. 1830இல் ஊரை முதன்முதலாக அளந்து 58 துண்டு போட்டார்களே, அதில் 37ஆவது துண்டு. 1989இல் அங்கிருந்த கட்டடங்களில் பெரும்பாலானவற்றை இடித்தார்கள். புதிதாகக் கட்ட வந்தவர்களுக்கு நிலச்சந்தை படுத்துவிட்டது. ஊரின் விலைமதிப்புள்ள இடம் வெறும் பொட்டலாக நின்றது. நகரத்தின் பண்பாட்டுத் துறையைக் கவனித்துவந்த லோயிஸ் வைஸ்பெர்க்கும், மேயரின் மனைவி மேகி டேலியும் 1991 கோடையில் அங்கே கூடாரம் போட்டார்கள். 14 முதல் 21 வயது வரையிலான பிள்ளைகளைக் கூப்பிட்டு, கலைஞர்களிடம் தொழில் பழகவிட்டார்கள். பெயர் ‘கேலரி 37’.

பழகுவதற்குக் கூலி உண்டு. அப்போது அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலர். பர்கர் கடையில் நின்றால் அந்தப் பிள்ளைக்கு ஏறக்குறைய அதுதான் கிடைத்திருக்கும். கலைக்கென்று ஒதுக்கும் பணம் எந்த ஊரிலும் கைக்கும் வாய்க்கும் பற்றாதது. ஆகவே இளைஞர்களுக்கான வேலைப்பயிற்சி நிதியிலிருந்தும் பணம் திரட்டினார்கள். கெட்டிக்காரத்தனம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

காசு கொடுத்தால் கலை கெட்டுவிடாதா என்று கேட்பீர்கள். அங்கே செய்த பொருள்களில் பேர்பெற்றது வண்ணம் தீட்டிய பெஞ்சு. அதையே எடுத்துக்கொள்வோம். தாளில் வரைந்த படம் சரியில்லை என்றால் கசக்கிப் போடலாம். பெஞ்சில் நாலு பேர் உட்காருவார்கள். உப்புத்தாள் போட்டுச் சிராய் போகத் தேய்க்க வேண்டும். பிரைமர் காய்வதற்கு முன் வண்ணம் ஏற்றினால் பிறகு தோலாக உரியும். கைப்பிடி வளைகிற இடத்தில் கோலம் எப்படித் திரும்பும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். மேலே வார்னிஷ் சரியாகப் படியாவிட்டால் ஒரு மழைக்குத் தாங்காது. காசு கொடுத்து வாங்குகிறவர் தடவிப்பார்த்துத்தான் வாங்குவார். “ரொம்ப நல்லா இருக்கு கண்ணு” என்று தலையைத் தடவி அனுப்புகிற முகாமில் இந்தக் கண்டிப்புக்கு இடமில்லை. என்னைக் கேட்டால், ஏழைப் பிள்ளையின் படத்தைப் பார்த்து வெறுமனே கைதட்டுவது ஒருவகை அலட்சியம்.

இடமும் முக்கியம். சிகாகோவில் கறுப்பின மக்களும் வெள்ளையர்களும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து வாழ்ந்தார்கள். சில தெருக்களில் அடுத்த கும்பலின் எல்லைக்குள் கால்வைக்கவே பயம். இந்த மனையோ எந்தப் பேட்டைக்கும் சொந்தமில்லாத நடு ஊர். இருபுறமும் சுரங்க ரயில் ஓடுகிறது. தெற்குப் பக்கப் பிள்ளையும் வடக்குப் பக்கப் பிள்ளையும் ஒரே மேசையில் தூரிகை கழுவலாம்.

இனி, இப்படி வரைந்தால் பரீட்சையில் மார்க் கூடுமா என்ற கதைக்கு வருவோம். பால்டிமோரில் 1982 முதல் பிள்ளைகளைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வாளர் கார்ல் அலெக்சாண்டர் குழுவினர், ஏழைப் பிள்ளைகளுக்கும் வசதியுள்ள பிள்ளைகளுக்கும் இடையிலான படிப்பு இடைவெளி பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் கூடுகிறது என்றார்கள். பின்னால் பால் வான் ஹிப்பல் போன்றவர்கள், வேறு தேர்வுகளை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு அப்படியே கிடைக்கவில்லை என்றார்கள். கேலரி 37இலிருந்து வளர்ந்த ‘ஆஃப்டர் ஸ்கூல் மேட்டர்ஸ்’ அமைப்பின் பயிற்சிகளை பார்ட்டன் ஹிர்ஷ் குழு ஆராய்ந்து 2011இல் எழுதியது. படிப்பில் பெரிய மாற்றம் தெரியவில்லை. வம்புதும்புகளில் மாட்டுவது கொஞ்சம் குறைந்திருந்தது. ஓவியம் கற்றால் கணக்கில் நூறு வாங்குவான் என்று நன்கொடையாளரிடம் சொல்லிப் பணம் வாங்கினால், அடுத்த வருஷம் மார்க்‌ஷீட்டோடு கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். வசதியான வீட்டுப் பிள்ளை டிராயிங் கிளாஸ் போகிறபோது யாராவது இப்படி ரசீது கேட்கிறார்களா?

பதினாலு வயதுக்குக் கீழே என்றால் கூலி என்ற பேச்சே கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குச் சோறும் காவலும்தான் கூலி. அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய கோடைச் சாப்பாட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. ஏழைகள் நிறைந்த பேட்டைகளில் 18 வயது வரை இலவசச் சாப்பாடு. ஓவிய வகுப்பை அந்தச் சாப்பாடு போடும் இடத்திலேயே, சாப்பாட்டு நேரத்தை ஒட்டியே வைத்தால் பாதித் தொல்லை தீரும். மீதிப் பாதி, இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வருகிற பத்து வயதுக்காரி. தம்பிக்கும் ஒரு பாயும் ஒரு உருண்டை களிமண்ணும் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் மறுநாள் வரமாட்டாள்.