பாண்டு வாத்தியமும் பழகிய செவியும்

தலைநகரில் வாழும் நம்மவர் பலருக்குச் சங்கீதம் என்றால் கர்நாடக சங்கீதமே. ஆலாபனையும் கீர்த்தனையும் கேட்டு வளர்ந்த செவிக்கு இராணுவப் பாண்டு வாத்தியம் வெறும் ஆரவாரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும், நம்முடைய ஆலாபனையைக் கேட்ட அயல்வீட்டு அன்பர், 'ஒரே சுரத்தை ஏன் இப்படி அசைத்துக்கொண்டிருக்கிறார்கள்?' என்று வினவினால் நம் மனம் வருந்துகிறது. அவர் செவிகொடுத்துக் கேட்கவில்லை என்கிறோம். அந்த நியாயம் நமக்கும் பொருந்துமன்றோ? ஆதலின், பழகாத வாத்தியக் குழு ஒன்றை எவ்வாறு கேட்டு மகிழலாம் என்பதை ஓர் உதாரணத்தின் வாயிலாக ஆராய்வோம்.

குடியரசு தின விழாவின் நிறைவாக, ஜனவரி 29ஆம் நாள் மாலையில், புதுதில்லி விஜய் சௌக்கில் முப்படைகளின் வாத்தியக் குழுக்கள் அணிவகுத்து இசைக்கின்றன. அவற்றுள் 'பேக்பைப்' வாசிக்கும் குழுக்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் மலைநாட்டு வாத்தியமாகிய இது, ஆங்கிலேயர் காலத்தில் பட்டாளங்களின் வழியே நம் நாட்டிற்கு வந்தது. இன்று கட்வால் மலைப்பகுதியில் 'மசக்பீன்' என்ற பெயருடன் கல்யாண ஊர்வலங்களில் அது ஒலிக்கிறது.

இவ்வாத்தியத்தின் அமைப்பை அறிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வாசிப்பவர் ஒரு குழலின் வழியே பைக்குள் காற்றை ஊதி, அப்பையைக் கையிடுக்கில் வைத்து அழுத்துகிறார். அக்காற்று நான்கு குழல்களுக்குச் செல்கிறது. அவற்றுள் மூன்று, தோளின்மேல் சாய்ந்து நின்று ஆதார சுருதியை இடையறாது ஒலிப்பவை. நாகசுரத்திற்கு ஒத்து எவ்வாறோ, அவ்வாறே இவை. எஞ்சிய ஒரு குழலில்தான் விரல்கள் மெட்டை வாசிக்கின்றன.

நாகசுர வித்துவான் சீவாளியை வாயில் வைத்திருப்பதால், நாவினால் ஒலியைத் தடுத்துச் சுரங்களைப் பிரிக்கிறார். பேக்பைப்பின் சீவாளியோ குழலுக்குள் மறைந்திருக்கிறது. நாவு அதை எட்டாது. வாசிக்கும்போது ஒலியை இடையில் நிறுத்தவும் இயலாது. விருப்பம்போல் ஏற்றவும் தணிக்கவும் இயலாது. அங்ஙனமாயின், ஒரே சுரத்தை இருமுறை வாசிப்பது எப்படி? இரண்டிற்கும் நடுவே வேறொரு சுரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் விரலால் தொட்டு மீள்கிறார்கள். நமக்கு ஆரவாரமாகத் தோன்றிய அந்தச் சிதறல் ஒலிகளே இவ்வாத்தியத்தின் அணிகலன்கள். நம் கமகம் சுரத்தை அசைத்து அழகு செய்கிறது. இவ்வணி சுரங்களைப் பிரித்து அழகு செய்கிறது. கமகத்தை இங்குத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இக்குழலுக்கு உள்ளவை 9 சுரங்களே. ஆதாரச் சட்ஜத்திலிருந்து மேலே செல்லும் வரிசை நம் ஹரிகாம்போஜியின் சுரங்களை ஏறத்தாழ ஒத்திருக்கும். சட்ஜத்திற்குக் கீழே ஒரு நிஷாதமும் உண்டு. எனினும் இதை ஹரிகாம்போஜி ராகம் என்று கொள்ளலாகாது. இங்கு ராக விஸ்தாரம் நோக்கமன்று. பலர் ஒரே காலடியில் நடப்பதே நோக்கம். அதனால்தான் மெட்டு சிறு பகுதிகளாக அமைந்து, ஒவ்வொரு பகுதியும் திரும்ப வருகிறது. பெருமுரசு காலடியைக் காட்டும். சிறு முரசுகள் அதன் இடைவெளிகளைப் பொடிச் சொற்களால் நிரப்பும். சில நடைகளில் ஒவ்வோர் அடிக்குள்ளும் மும்மூன்று எண்ணிக்கை ஓடும். திச்ர நடையை அறிந்தவர்க்கு அது உடனே புலப்படும்.

இப்படிக் கேட்பது சம்பிரதாயத்திற்கு மாறானதோ என்று சிலர் ஐயுறலாம். முத்துசுவாமி தீக்ஷிதர் (1775–1835) ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றிற்குச் சம்ஸ்கிருத சாஹித்தியம் இயற்றினார். 'நோட்டு சுரம்' எனப்படும் அவ்வுருப்படிகள் சற்றேறக்குறைய 40 உள்ளன. அவற்றை அவர் ஆலாபனைக்கு உரியவையாக மாற்றவில்லை. கமகமின்றி நேராகச் செல்லும் மெட்டின் இயல்பை அவ்வாறே போற்றினார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீக்ஷிதரோ மேல்நாட்டு வயலினைக் கற்று நம் சங்கீதத்திற்கு உரியதாக்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது.

ஆகவே, அடுத்த முறை இத்தகைய குழுவின் இசை வானொலியில் ஒலிக்கும்போது, விசையைத் திருப்பாமல் மும்முறை கேட்டுப் பார்ப்போம். முதன்முறை சுருதியை மட்டும் கவனிப்போம். இரண்டாம் முறை விரலணிகளை. மூன்றாம் முறை முரசுகளை. அதன் பின்னரும் மனம் ஒட்டவில்லையாயின் குற்றமில்லை. எல்லோர்க்கும் எல்லாச் சுவையும் உவக்க வேண்டுமென்பதில்லை. ஆனால், கேட்டறிந்து வேண்டாமென்பது வேறு; கேளாமலே இரைச்சல் என்பது வேறு. பல மொழியும் பல இசையும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இந்நாட்டில், அயலார் நமக்குச் செய்ய வேண்டுமென்று நாம் விரும்பும் மரியாதையை நாமும் அவர்க்குச் செய்தல் தகும்.