பொத்தானை அழுத்துவதற்கு முன்

மருத்துவமனை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவர்கள் மருத்துவரும் செவிலியருமே. இவ்விருவரையும் தவிர, நுண்கதிர்ப் பிரிவு என்று பலகை மாட்டிய அறையில் இன்னொருவர் பணியாற்றுகிறார். ரேடியோகிராபர் என்றும் நுண்கதிர் வீச்சாளர் என்றும் அவரை அழைப்பர்; மக்கள் வழக்கில் அவர் 'எக்ஸ்ரே எடுப்பவர்'. "நேராக நில்லுங்கள், மூச்சை இழுத்துப் பிடியுங்கள், முடிந்தது" என்பதோடு அவருக்கும் நமக்கும் உள்ள தொடர்பு முடிந்துவிடுகிறது. ஆதலால் அவருடைய வேலை ஒரு பொத்தானை அழுத்துவது மட்டுமே என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் பொத்தானை அழுத்துவது அவ்வேலையின் கடைசிக் கணம். திறமையெல்லாம் அதற்கு முன்பே தேவைப்படுகிறது. அத்திறமை யாது, அது குறைந்தால் அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதிரும் அதன் விலையும்

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ராண்ட்ஜன், கறுப்பு அட்டையால் மூடிய மின்னிறக்கக் குழாய் ஒன்றை வைத்து இருட்டறையில் ஆராய்ந்துகொண்டிருந்தார். சற்று எட்ட இருந்த ஒரு திரை, ஒளி ஏதும் படாமலேயே ஒளிர்ந்தது. இன்னதென்று தெரியாத கதிராகையால் அதற்கு 'எக்ஸ்' என்று பெயரிட்டார். அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. 1901ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கோரவில்லை.

கதிரின் பயனை உலகம் உடனே கண்டுகொண்டது. தீங்கை உணரக் காலம் பிடித்தது. தாமஸ் ஆல்வா எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டாலி இக்கதிர்க் குழாய்களோடு பல ஆண்டுகள் பழகினார். கைகள் புண்ணாகி, அவற்றை இழந்து, 1904ஆம் ஆண்டில் உயிர் நீத்தார். எடிசனும் அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டார். இவ்வாறு கதிரால் மாண்டோரின் நினைவாக ஹாம்பர்க் நகரில் 1936ஆம் ஆண்டு ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. இன்று எக்ஸ்ரே அறையில் கடைப்பிடிக்கப்படும் விதிகள் அத்தகையோர் பட்ட துன்பத்திலிருந்து பிறந்தவை. நம் மாநிலத்தில் இத்துறைக்கென்றே சென்னையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

படம் எவ்வாறு உருவாகிறது?

குழாயினுள் விரைந்து செல்லும் எலக்ட்ரான்கள் டங்ஸ்டன் இலக்கின்மீது மோதுகின்றன. அவற்றின் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே கதிராகிறது, மிச்சமெல்லாம் வெப்பமே. அக்கதிர் உடலை ஊடுருவும்போது, சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பு அதை மிகுதியாகத் தடுக்கிறது; காற்று நிறைந்த நுரையீரல் எளிதில் விட்டுவிடுகிறது. ஆகவே எலும்பு வெளுத்தும் நுரையீரல் கறுத்தும் தெரிகின்றன. சுருங்கச் சொன்னால் எக்ஸ்ரே படம் ஒரு நிழல்.

அந்த நிழலைத் தெளிவாக விழச் செய்ய இரண்டு அளவுகள் முக்கியம். கிலோவோல்ட் என்பது கதிரின் ஊடுருவும் வலிமையையும், மில்லி ஆம்பியர்-வினாடி என்பது கதிரின் மொத்த அளவையும் நிர்ணயிக்கின்றன. பம்புசெட்டில் நீர் பீய்ச்சும் வேகம் வேறு, பாய்ந்த நீரின் அளவு வேறு என்பது போலத்தான் இதுவும். மெலிந்த மூதாட்டிக்கும் பருத்த உடலினருக்கும் ஒரே அளவு பொருந்தாது. நோயாளி அறைக்குள் நடந்து வரும்போதே அவர் உடல்வாகைக் கண்ணால் அளந்துவிடுவார் கைதேர்ந்த பணியாளர்.

ஒரு மார்புப் படம்

எளிதெனத் தோன்றும் மார்புப் படத்தையே சான்றாகக் கொள்வோம். முதலில் மருத்துவரின் சீட்டையும் வந்திருப்பவரின் பெயர், வயதையும் ஒப்பிட வேண்டும். ஒரே பெயர் கொண்ட இருவர் வரிசையில் நிற்பது நம் ஊர்களில் அரிதன்று. பெண்ணாயின், கருவுற்றிருக்கக் கூடுமா என்று கேட்க வேண்டும். அதுவும் பக்கத்தில் நிற்பவர் காதில் விழாமல் கேட்க வேண்டும். சங்கிலி, தாயத்து, ஊக்கு முதலியவற்றை அகற்றச் சொல்ல வேண்டும். சட்டைப்பையில் மறந்து விட்ட ஒரு நாணயமும் நுரையீரலில் புள்ளியாக வந்து நிற்கும்.

அடுத்து, நோயாளியின் முதுகு குழாயை நோக்கியும் மார்பு பலகையோடு ஒட்டியும் இருக்குமாறு நிறுத்துவர். இதயம் மார்பின் முன்பக்கம் இருப்பதால், அப்பக்கம் பலகையை ஒட்டியிருந்தால் அதன் நிழல் பெரிதாவதில்லை. விளக்கிலிருந்து சுவரை நோக்கிக் கையைக் கொண்டுபோனால் கையின் நிழல் சிறுப்பதை நாம் அறிவோம். அதே விதிதான் இங்கும். படுத்த நிலையில் முன்பக்கமிருந்து எடுத்த படத்தில் இதயம் வீங்கியது போலத் தோன்றும். குழாய்க்கும் பலகைக்கும் இடையே ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் தொலைவு விடுவதும் இதற்காகவே. தோள்களை முன்னோக்கி வளைக்கச் சொல்வது, தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காதிருக்க. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது, உதரவிதானம் கீழிறங்கி நுரையீரல் முழுதும் விரிய. அரைகுறை மூச்சில் எடுத்த படத்தில், நலமான நுரையீரலின் அடிப்பகுதியும் நோயுற்றது போல மங்கித் தெரியும்.

இறுதியாக, வலம் அல்லது இடம் என்று காட்டும் ஈய எழுத்தை வைக்க வேண்டும். சின்னஞ்சிறு எழுத்துதான், அது மாறிவிட்டால் நல்ல பக்கத்திற்குச் சிகிச்சை நடந்துவிடும். இவ்வளவும் முடிந்த பின்னரே பொத்தான். கதிர் பாயும் நேரமோ ஒரு வினாடியின் சிறு பகுதி.

வலியோடு வருபவர்

மார்புப் படத்திற்கு நிற்பவராவது சொன்னபடி நிற்பார். எலும்பு முறிந்து வருபவரால் அது இயலாது. முறிவைக் காண ஒரே கோணம் போதாது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோணங்களில் எடுத்தாக வேண்டும். ஒன்றில் தெரியாத விரிசல் மற்றதில் தெரிந்துவிடும். ஆனால் சாலை விபத்தில் கழுத்தில் அடிபட்டவரைத் திருப்பக் கூடாது; திருப்பினால் தண்டுவடத்திற்கே கேடு நேரலாம். அப்போது நோயாளியை அசைக்காமல் குழாயைத் திருப்பிப் படம் எடுக்கிறார் நுண்கதிர் வீச்சாளர். அழும் குழந்தையிடம் ஒரு விதமாகவும், காது கேளாத முதியவரிடம் மற்றொரு விதமாகவும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். பொறுமை இங்கே நற்குணம் மட்டுமன்று, தொழில்நுட்பமும் ஆகும். அஞ்சி அசைந்தவரின் படம் கலங்கிப் போகும். கலங்கிய படத்தை மீண்டும் எடுக்க வேண்டும். மீண்டும் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கதிரை ஏற்பது நோயாளியின் உடல்தான்.

காட்டிக்கொடுக்காத தவறு

இத்தொழிலின் மையமான பொறுப்பு இங்கேதான் இருக்கிறது: நோயைக் காணத் தேவையான தெளிவு, அதற்கு வேண்டிய குறைந்த கதிரில் கிடைக்க வேண்டும். மார்புப் படம் ஒன்றின் கதிரளவு ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட்டோ அதற்கும் குறைவோதான். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நாம் ஆண்டுதோறும் பெறுவது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். எனவே தேவையான படத்திற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் தேவையற்ற கதிர் சிறிதானாலும் தேவையற்றதே.

இருட்டறையில் பிலிம் கழுவிய காலத்தில் கதிர் மிகுந்தால் படம் கறுத்துவிடும். பணியாளரின் தவறு எல்லாருக்கும் தெரிந்துவிடும். இன்றைய டிஜிட்டல் முறையில் கணினி அதைச் சரிசெய்து நல்ல படமாகவே காட்டிவிடுகிறது. கதிர் குறைந்தால்தான் படம் புள்ளி புள்ளியாகிறது. ஆகவே, "சற்றுக் கூடுதலாகவே வைத்துவிடுவோம், படம் கெடாது" என்ற எண்ணம் எளிதில் எழும். மருத்துவர் குறை சொல்லமாட்டார்; நோயாளிக்குத் தெரியாது. கதிரளவைச் சுட்டும் ஓர் எண் மட்டும் திரையின் ஓரத்தில் தோன்றும். படத்தைப் பார்த்தபின் அந்த எண்ணையும் பார்ப்பவரே உண்மையான நுண்கதிர் வீச்சாளர். இயந்திரம் மேம்பட மேம்பட மனச்சான்றின் வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது.

வேறு கருவிகள், வேறு எச்சரிக்கைகள்

1971ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.டி. கருவியால் படம்பிடிக்கப்பட்டது. அக்கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்பீல்டும், அதன் கணித அடிப்படையை வகுத்த கார்மக்கும் 1979ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். சி.டி. உடலைக் குறுக்குவெட்டாகக் காட்டும். ஆனால் மார்புக்கு எடுக்கும் சி.டி.யின் கதிரளவு சாதாரண மார்புப் படத்தைப் போலப் பல மடங்கு. குழந்தைக்கு எடுக்கும்போது பெரியவருக்குரிய அளவை அப்படியே வைப்பது தவறு. அயோடின் கலந்த மருந்தை ஊசி வழியே செலுத்துவதற்கு முன், முன்பு ஒவ்வாமை வந்ததுண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா என்று கேட்டறிய வேண்டும்.

எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ் கதிர் இல்லை. அங்குள்ள இடர் காந்தம். 1.5 டெஸ்லா காந்தம் புவியின் காந்தப் புலத்தைப் போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. படம் எடுக்காத வேளையிலும் அது உறங்குவதில்லை. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், ஆக்ஸிஜன் உருளையோடு அவ்வறைக்குள் சென்ற ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். வாசலில் நின்று, "உடம்பில் இரும்பு உண்டா? இதயத்தில் பேஸ்மேக்கர் உண்டா?" என்று சலிக்காமல் கேட்பதும் அங்குள்ள பணியாளரின் கடமையாகும்.

தம்மையும் காத்துக்கொள்ளல்

நோயாளி ஒரு முறை வந்து போகிறார். பணியாளரோ நாள்தோறும் அங்கேயே இருக்கிறார். தொலைவை இரு மடங்காக்கினால் கதிர் நான்கில் ஒரு பங்காகும் என்பதே அவருடைய முதல் கவசம். தடுப்புச் சுவரும் ஈயம் சேர்த்த மேலங்கியும் அடுத்தவை. மார்பில் அணியும் சிறு அடையாள அட்டை அவர் ஏற்ற கதிரைப் பதிவு செய்கிறது. நம் நாட்டில் மூன்று மாதத்திற்கு ஒரு முறை அதைச் சோதிக்கிறார்கள். ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்பது அவருக்குரிய வரம்பு. 1983ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இவற்றை மேற்பார்வையிடுகிறது.

நாவடக்கம்

படம் எடுத்தவுடன் நோயாளி கேட்கும் முதல் கேள்வி, "என்ன தம்பி, ஏதாவது இருக்கா?" என்பதே. பல்லாயிரம் படங்களைப் பார்த்த கண்ணுக்கு விடை தெரிந்திருக்கலாம். எனினும் நோயை அறுதியிட்டுக் கூறுவது கதிரியல் மருத்துவரின் பணி. "டாக்டர் பார்த்துச் சொல்வார், அம்மா" என்று முகத்தில் கலவரம் காட்டாமல் சொல்வதும் ஒரு பயிற்சியே. அதே வேளை, நுரையீரல் சுருங்கி மார்புக்கூட்டில் காற்று நிறைந்திருப்பது போன்ற ஆபத்தைக் கண்டால், வரிசை வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். எங்கே பேசக்கூடாது, எங்கே தாமதிக்கக்கூடாது என்று அறிவதே இத்தொழிலின் முதிர்ச்சி.

நமக்கும் இதில் பங்குண்டு

மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றோர்க்கு இத்துறையில் பட்டயப் படிப்பும் பட்டப் படிப்பும் உள்ளன. 2021ஆம் ஆண்டின் தேசியச் சட்டம் ஒன்று இதனை மருத்துவம் சார்ந்த தொழில்களுள் ஒன்றாக முறைப்படுத்தியுள்ளது. தம்பி தங்கையர்க்கு வழிகாட்டும் நிலையில் உள்ள நாம் இதை அவர்களிடம் எடுத்துரைக்கலாம். அதே 2021ஆம் ஆண்டில், காசநோயைக் கண்டறிய மார்புப் படங்களைக் கணினியே படிக்கும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கணினி வந்துவிட்டால் மனிதர் எதற்கு எனச் சிலர் கேட்கக்கூடும். கணினி படிப்பது தனக்குக் கொடுத்த படத்தைத்தான். நோயாளியைச் சரியாக நிறுத்தி, அச்சம் நீக்கி, மூச்சுப் பிடிக்கச் செய்து, அப்படத்தை உண்டாக்கித் தருவதற்கு ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

இத்தொழிலுக்குச் செல்லாதவர்களும் ஒருநாள் அந்த அறைக்குச் செல்லத்தான் போகிறோம். அன்று பழைய படங்களை உடன் கொண்டுபோவோம். கேட்கும் கேள்விகளுக்கு மறைக்காமல் விடை சொல்வோம். மருத்துவர் வேண்டாமென்ற பின்னும் "எதற்கும் ஒரு ஸ்கேன்" என்று வற்புறுத்தாதிருப்போம். நம்மை நிறுத்தி, தோளைத் திருத்தி, எண்ணைச் சரிபார்த்து, அதன் பின்னரே பொத்தானை அழுத்தும் அந்தப் பணியாளர் நம் பொருட்டே அத்தனையும் செய்கிறார். வெளியே வரும்போது அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வருவோம்.